நீர் நஞ்சல்ல என்று யார் நிரூபிப்பது?

தொழிற்சாலைக் கழிவுநீரைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று வேதியியல் கருவிகளைக் கொண்டு அளப்பது ஒன்று. அந்த நீரில் ஓர் உயிரை விட்டு, அது பிழைக்கிறதா, வளர்கிறதா, இனம் பெருக்குகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. முதல் வழி நமக்குப் பழகியது. பி.ஓ.டி., சி.ஓ.டி., டி.டி.எஸ்., குரோமியம் என்று நாளிதழ்ச் செய்தியிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் அடிபடும் அளவுகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இரண்டாவது வழியும் இந்தியச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது அங்கே ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு அறிவியல் நுட்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. முதல் வழியில், ஒரு வேதிப்பொருள் நஞ்சு என்று அரசு முன்கூட்டியே கண்டறிந்து பட்டியலில் எழுதியிருக்க வேண்டும். எழுதாத எதையும் ஆலை தாராளமாக வெளியேற்றலாம். இரண்டாவது வழியில், தான் விடும் நீர் உயிர்களுக்குக் கேடு செய்யவில்லை என்று ஆலையே காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை கைமாறுகிறது. இந்தச் சோதனையின் முழு மதிப்பும் அந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது.

பட்டியலின் எல்லை

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972இல் இன்றைய வடிவத்தைப் பெற்றது. நச்சுப் பொருள்கள் நச்சுத்தன்மை உண்டாக்கும் அளவில் நீரில் கலப்பதைத் தடைசெய்வது தேசியக் கொள்கை என்று அதன் முதல் பிரிவே அறிவித்தது. அறிவிப்பு எளிதாக இருந்தது. செயல்படுத்துவது கடினமாக இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றதன் விளைவாக 1976இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, 65 நச்சுப் பொருள்களும் பொருள் வகைகளும் குறிக்கப்பட்டன. அதிலிருந்து பிறந்ததுதான் 126 முன்னுரிமை மாசுகளின் பட்டியல். இன்றுவரை வேதியியல் கண்காணிப்பின் முதுகெலும்பு அதுதான்.

அதே நாட்டின் வேதிப்பொருள் பதிவேட்டில் 86,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இருக்கின்றன. 126 எங்கே, 86,000 எங்கே! சாயப்பட்டறையிலிருந்தும் மருந்து ஆலையிலிருந்தும் வெளிவரும் நீரில் மூலப்பொருள்கள் மட்டும் இருப்பதில்லை. பாதியில் நின்றுபோன வினைகளின் எச்சங்கள், சுத்திகரிப்புத் தொட்டியில் நுண்ணுயிர்கள் சிதைத்ததில் மிஞ்சியவை, ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிதாகத் தோன்றியவை என்று பெயரே வைக்கப்படாத பலவும் அதில் சேர்ந்து வருகின்றன. செம்பு தன் வரம்புக்குள் இருக்கலாம், துத்தநாகமும் இருக்கலாம், அம்மோனியாவும் இருக்கலாம். மூன்றும் ஒரே நீரில் கூடும்போது மீன் குஞ்சு என்ன ஆகும் என்று தனித்தனி அளவுகளைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சில சமயம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். உலோகத்தின் அளவு அதிகமாகத் தெரிந்தாலும், அது கரிமப் பொருள்களோடு பிணைந்து உயிருக்குள் நுழைய முடியாத நிலையில் இருக்கலாம். உயிரினச் சோதனை இந்த இரண்டு பிழைகளையும் ஒருசேரத் தவிர்க்கிறது. நீரில் இருப்பவை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலையை அது முழுதாக அளக்கிறது.

உரிமத்துக்குள் நுழைந்த சோதனை

அமெரிக்காவில் நீர்நிலைக்குள் குழாய் நீட்டும் எந்த ஆலையும் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையமும் உரிமம் பெற வேண்டும். அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 1984இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உரிம வரம்புகளை நிர்ணயிக்க வேதியியல் அளவுகளோடு உயிரினச் சோதனையையும் பயன்படுத்தலாம் என்று கொள்கை அறிவித்தது. 1989இல் அது கட்டாயமாக மாறியது. ஒரு வெளியேற்றம் நீர்நிலையின் நச்சுத்தன்மை வரம்பை மீற நியாயமான வாய்ப்பு இருக்கிறது என்று தெரிந்தால், அந்த உரிமத்தில் நச்சுத்தன்மைக்கே ஒரு வரம்பு விதிக்க வேண்டும் என்று விதிகள் திருத்தப்பட்டன. 1991இல் விரிவான தொழில்நுட்பக் கையேடு வந்தது. 1995 அக்டோபரில் சோதனை முறைகள் சட்டபூர்வமாக அறிவிக்கப்பட்டன.

இந்த முறைகளை உருவாக்கியதில் மின்னசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரிலுள்ள முகமையின் ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. டொனால்ட் மவுன்ட் என்ற அறிவியலாளரின் தலைமையில் அங்கே நடந்த ஆய்வுகள்தான், ஒரு மில்லிமீட்டர்கூட நிறையாத செரியோடாஃப்னியா என்ற நன்னீர்த் தெள்ளுப்பூச்சியைச் சட்டத்தின் சாட்சியாக்கின.

15 மில்லி நீருக்குள்

இந்தச் சோதனை எவ்வளவு கண்டிப்பானது என்பது அருகில் நின்று பார்த்தால்தான் புரியும். ஆலையின் கழிவுநீரை 24 மணி நேரம் சிறிது சிறிதாகச் சேகரித்து, 6 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறாமல் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். எடுத்த 36 மணி நேரத்துக்குள் அதை முதன்முதலாகப் பயன்படுத்திவிட வேண்டும். பிறகு 100, 50, 25, 12.5, 6.25 சதவீதம் என்று பாதி பாதியாக நீர்க்கச் செய்கிறார்கள். இவற்றோடு கழிவுநீர் சிறிதும் கலக்காத தூய நீர் ஒரு வரிசை. ஒவ்வொரு செறிவுக்கும் பத்துச் சிறு குவளைகள். ஒவ்வொரு குவளையிலும் 15 மில்லி நீர். அதில் பிறந்து 24 மணி நேரம்கூட ஆகாத ஒரே ஒரு தெள்ளுப்பூச்சி.

எல்லாமே பெண் பூச்சிகள். ஆணின் துணையில்லாமலே இனம் பெருக்குபவை என்பதால் மரபுக்கூறில் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருப்பதில்லை. ஒரே தாயின் குட்டிகளை எல்லாச் செறிவுகளுக்கும் பகிர்ந்து வைக்கிறார்கள். ஒரு தாயின் வம்சம் பலவீனமாக இருந்தாலும் அந்தப் பலவீனம் ஒரு வரிசையில் மட்டும் போய்க் குவிந்துவிடாது. நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். ஈஸ்ட், தானிய இலைப்பொடி, மீன் தீவனம் ஆகியவை கலந்த கரைசலையும் பச்சைப் பாசியையும் உணவாகக் கொடுக்க வேண்டும். வெப்பநிலை 25 டிகிரி. 16 மணி நேரம் வெளிச்சம், 8 மணி நேரம் இருள். ஒவ்வொரு நாளும் எந்தத் தாய் உயிரோடிருக்கிறது, எத்தனை குட்டி ஈன்றது என்று எண்ணிக் குறிக்கிறார்கள். தூய நீரிலுள்ள தாய்களில் 60 சதவீதம் மூன்று ஈற்றை முடிக்கும்வரை, அதிகபட்சம் எட்டு நாள், சோதனை நீடிக்கும்.

முடிவு செல்லுபடியாக வேண்டுமானால் முதலில் தூய நீர் வரிசை தேற வேண்டும். அதில் 80 சதவீதத் தாய்கள் பிழைத்திருக்க வேண்டும். பிழைத்த ஒவ்வொன்றும் சராசரியாகக் குறைந்தது 15 குட்டிகளை ஈன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் குறை ஆய்வகத்துடையது. சோதனையை மறுபடி நடத்த வேண்டும். கழிவுநீரின் மீது குற்றம் சுமத்துமுன் ஆய்வகம் தன் நேர்மையை நிறுவியாக வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் நியாயம்.

இதற்கு இணையாக, மின்னோ என்ற சிறு மீனின் குஞ்சுகளை ஏழு நாள் வளர்த்து, பிழைப்பையும் உடல் எடையையும் அளக்கும் சோதனை இருக்கிறது. பாசிக்கு ஒன்று உண்டு. கடலில் கலக்கும் கழிவுநீருக்கு மைசிட் என்னும் சிற்றிறால், கடல்முள்ளெலி போன்ற உயிர்கள். தாவரம், முதுகெலும்பற்றது, முதுகெலும்புள்ளது என்று மூன்று தளத்தையும் தொடுவதற்குக் காரணம் உண்டு. களைக்கொல்லி மீனை ஒன்றும் செய்யாமல் பாசியை அழிக்கும். பூச்சிக்கொல்லி பாசியை விட்டுவிட்டுத் தெள்ளுப்பூச்சியைக் கொல்லும்.

ஆற்றின் கணக்கு

சோதனை முடிவு சட்ட வரம்பாக மாறுவதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. எந்தச் செறிவுவரை பாதிப்பு தெரியவில்லையோ அந்தச் சதவீதத்தால் 100ஐ வகுத்தால் கிடைப்பது நாள்பட்ட நச்சு அலகு. 25 சதவீதம்வரை பாதிப்பில்லை என்றால் 4 அலகு. 12.5 சதவீதம்வரைதான் பாதிப்பில்லை என்றால் 8 அலகு. ஆற்றில் கலந்த பிறகு இந்த மதிப்பு 1ஐத் தாண்டக் கூடாது.

வறண்ட காலத்தில் ஆற்று நீரில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஆலையின் கழிவு என்று வைத்துக்கொள்வோம். 4 அலகு நீர் ஆற்றில் கலந்ததும் 0.8 ஆகும், தேறியது. 8 அலகு நீர் 1.6 ஆகும், தோற்றது. வறண்ட காலம் என்பதற்கும் வரையறை உண்டு. பத்து ஆண்டுகளில் ஒருமுறை வரக்கூடிய மிகக் குறைந்த ஏழு நாள் நீரோட்டத்தையே பொதுவாகக் கணக்கில் எடுக்கிறார்கள். மழைக்கால வெள்ளத்தைக் காட்டி நச்சை நீர்த்துப்போகச் செய்துவிட்டதாகச் சொல்ல இடமில்லை.

தோற்ற பிறகுதான் தொடக்கம்

மீன் செத்தது, பூச்சி குட்டி போடவில்லை என்று தெரிந்துகொள்வதோடு நின்றுவிட்டால் இந்தச் சோதனையால் பெரிய பயனில்லை. அமெரிக்க உரிமங்களின் வலிமை, தோல்விக்குப் பிறகு வரும் கடமைச் சங்கிலியில் இருக்கிறது. முதலில் சோதனையை அடிக்கடி நடத்த வேண்டும். நச்சுத்தன்மை தொடர்ந்தால் அதன் காரணத்தைத் தேடும் ஆய்வையும் அதைக் குறைக்கும் திட்டத்தையும் ஆலை தன் செலவில் மேற்கொள்ள வேண்டும். மாதிரி முடிவுகள் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஆவணங்கள். அவற்றை வைத்து எந்தக் குடிமகனும் வழக்குத் தொடரச் சட்டம் இடம் தருகிறது.

காரணம் தேடும் முறை எளிமையானது, அழகானது. ஒரே கழிவுநீரைப் பல பங்காகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றம் செய்கிறார்கள். இ.டி.டி.ஏ. சேர்த்ததும் பூச்சி பிழைத்தால் குற்றவாளி பெரும்பாலும் உலோகம். சோடியம் தயோசல்பேட் சேர்த்ததும் பிழைத்தால் குளோரின் போன்ற ஆக்சிகரணி. கார அமிலத்தன்மைச் சுட்டெண்ணைக் (பி.எச்.) கூட்டும்போது நஞ்சு கூடி, குறைக்கும்போது குறைந்தால் அம்மோனியாவைச் சந்தேகிக்க வேண்டும். சி-18 என்ற பிசின் நிரப்பிய குழாய் வழியாக வடித்ததும் பிழைத்தால் கரிம வேதிப்பொருள். பிறகு அந்தப் பிசினில் ஒட்டியதை மெத்தனால் கொண்டு படிப்படியாகப் பிரித்தெடுத்து, எந்தப் பங்கு பூச்சியைக் கொல்கிறது என்று பார்த்து, அந்தப் பங்கை மட்டும் கருவிக்குள் செலுத்துகிறார்கள். இப்போது கருவிக்கு எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

இந்த வழியில்தான், நகரக் கழிவுநீர் நிலையங்கள் சில ஏன் சோதனையில் தோற்கின்றன என்ற புதிர் அவிழ்ந்தது. காரணம் டயசினான், எறும்புக்கும் புல்வெளிப் பூச்சிக்கும் வீடுகளில் தெளிக்கப்பட்ட மருந்து. ஒரு லிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே அது தெள்ளுப்பூச்சியைக் கொல்லும். 126 மாசுகளின் பட்டியலில் அதன் பெயரே இல்லை. பட்டியலை மட்டும் நம்பியிருந்தால் யாரும் அதைத் தேடியிருக்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவின் நகர ஓடைகளிலும் டயசினானும் குளோர்பைரிஃபாஸும் இதேபோல் அடையாளம் காணப்பட்டன. 2000ஆம் ஆண்டில் இரண்டின் வீட்டுப் பயன்பாட்டையும் படிப்படியாக நிறுத்த முடிவாயிற்று. குழந்தைகளின் உடல்நலம் அந்த முடிவுக்கு முதன்மைக் காரணமாக இருந்தது. நீரிலிருந்து வந்த சான்றும் அதே திசையைக் காட்டியது.

நீதிமன்றமும் புள்ளியியலும்

தொழில்துறையினர் இந்தச் சோதனைகளை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. உயிர்கள் நாளுக்கு நாள் வேறுபடும்; நச்சில்லாத நீரையும் நச்சு என்று காட்டிவிடலாம்; அதன் அடிப்படையில் அபராதம் விதிப்பது அநியாயம் என்று வாதிட்டார்கள். நியாயமான கேள்விதான். முகமை பல ஆய்வகங்களில் ஒப்பீட்டு ஆய்வு நடத்தி, 2002இல் முறைகளைத் திருத்தி வெளியிட்டது. தவறான எச்சரிக்கை எழும் விகிதம் முக்கியமான சோதனைகளில் 5 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. 2004 டிசம்பரில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் முறைகளை உறுதிசெய்தது.

இதைவிட ஆழமான கேள்வி பிறகு எழுந்தது. வழக்கமான புள்ளியியல் சோதனை, கழிவுநீருக்கும் தூய நீருக்கும் வேறுபாடில்லை என்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. அதை முறியடிக்கப் போதுமான சான்று கிடைக்காவிட்டால் கழிவுநீர் தேறிவிடும். அதாவது, ஆய்வகம் எவ்வளவு அலட்சியமாக வேலை செய்கிறதோ, எண்கள் எவ்வளவு சிதறுகின்றனவோ, அவ்வளவுக்கு ஆலைக்கு இலாபம். 2010இல் முகமை வெளியிட்ட புதிய அணுகுமுறை இதைத் தலைகீழாக்கியது. கழிவுநீர் நச்சுத்தன்மை உடையது என்பதே தொடக்க அனுமானம். அப்படியில்லை என்று தரவு காட்ட வேண்டும். நாள்பட்ட சோதனையில் 25 சதவீத பாதிப்பு ஏற்க முடியாதது என்று கோடு கிழித்தார்கள். இப்போது துல்லியமாகச் சோதிப்பதில் ஆலைக்கும் அக்கறை பிறக்கிறது.

இந்தியாவின் ஒரு வரி

நம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் ஆறாவது அட்டவணை 1993இல் சேர்க்கப்பட்டது. லிட்டருக்கு பி.ஓ.டி. 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250, மொத்தக் குரோமியம் 2 என்று நீளும் அந்தப் பட்டியலில் ஒரு வரி இப்படிச் சொல்கிறது: நீர்க்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும்.

ஒரு வகையில் இது கடுமையான விதி. ஆற்றில் கலந்து நீர்த்துவிடும் என்ற சலுகையே இதில் இல்லை. ஆண்டில் பல மாதம் மணல்வெளியாகக் கிடக்கும் பாலாறு, நொய்யல் போன்ற ஆறுகளுக்கு இது பொருத்தமானதும்கூட. அங்கே கோடையில் ஆலைநீர்தான் ஆறு. கனடாவும் காகித ஆலைகளுக்கும் உலோகச் சுரங்கங்களுக்கும் நீர்க்காத கழிவுநீரில் ரெயின்போ டிரவுட் மீனை 96 மணி நேரம் விட்டுப் பார்க்கிறது. அங்கே பாதிக்கு மேல் செத்தால்தான் தோல்வி. நம்முடைய 90 சதவீதம் அதைவிடக் கண்டிப்பானது.

ஆனால் இந்த வரி சாவை மட்டுமே கேட்கிறது. நான்கு நாளில் சாகாத மீன் வளருமா, முட்டையிடுமா என்று கேட்பதில்லை. மீன் செத்தால் காரணத்தைத் தேட வேண்டும் என்றோ, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றோ அங்கே சொல்லப்படவில்லை. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களுக்கு இணையவழித் தொடர் கண்காணிப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. நல்ல நடவடிக்கை. ஆனால் அந்தக் கருவிகள் அனுப்புவதும் பட்டியலிலுள்ள அளவுகளைத்தான்.

பட்டியல் பார்க்காமல் விடுவது எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கு ஐதராபாத் அருகிலுள்ள பட்டான்செரு சாட்சி. அங்கே ஏறத்தாழ 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெறும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடனைச் சேர்ந்த ஜோக்கிம் லார்சனின் குழு ஆராய்ந்து 2007இல் முடிவை வெளியிட்டது. சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம்வரை இருந்தது. சில பாக்டீரியாக்களுக்கு நஞ்சாகும் அளவைவிட இது ஆயிரம் மடங்குக்கு மேல். 2009இல் வெளிவந்த தொடர் ஆய்வு அதே நிலையத்தின் நீரைத் தலைப்பிரட்டைகளிடம் சோதித்தது. 500 மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் அவற்றின் வளர்ச்சி 40 சதவீதம் குன்றியது. மருந்து அளவு எதுவும் கேட்கப்படாத பொதுத் தரநிலையால் இதைச் சொல்லியிருக்க முடியாது. வளரும் உயிர் சொல்லிவிட்டது.

சோதனைக்கும் எட்டாதவை

உயிரினச் சோதனையே போதும் என்று சொல்வதும் தவறு. கனடாவின் ஆய்வு ஏரிகளில் ஒன்றில், கேரன் கிட் தலைமையிலான குழு 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஹார்மோனை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் அளவில் கலந்தது. ஏரியின் மின்னோ மீன் இனம் கிட்டத்தட்ட அற்றுப்போனது. அமெரிக்க ஆய்வகங்கள் ஏழு நாள் சோதனைக்குப் பயன்படுத்தும் அதே மீன்தான். ஏழு நாள் குஞ்சுச் சோதனை தலைமுறை தாண்டும் இந்தக் கேட்டைக் காட்டாது. உயிரின் உடலில் ஆண்டுக்கணக்கில் சேரும் பாதரசம், மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள், பாக்டீரியாக்களிடையே பரவும் மருந்து எதிர்ப்பு ஆகியவையும் அதன் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் வேதியியல் அளவு, உயிரினச் சோதனை, ஆற்றின் உயிர்வளம் பற்றிய நேரடிக் கணக்கெடுப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கக் கையேட்டின் நிலைப்பாடு.

மீன்களை வதைப்பது பற்றிய தயக்கமும் மதிக்கத்தக்கது. ஜெர்மனி 2005இல் கழிவுநீர்க் கட்டணத்துக்கான மீன் சோதனையைக் கைவிட்டு, ஜீப்ரா மீனின் முட்டைகளில் நடத்தும் 48 மணி நேரச் சோதனைக்கு மாறியது. அந்த மீனின் தாயகம் நம் துணைக்கண்டம்தான். வதை குறைந்த இந்த வழியை இந்திய ஆய்வகங்கள் பின்பற்றத் தடையில்லை.

சுமை யாருடையது

வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளின் கழிவிலிருந்து பிறந்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. தன் செயல் சுற்றுச்சூழலுக்குக் கேடற்றது என்று நிரூபிக்கும் சுமை தொழில் நடத்துபவருடையது என்றும் தெளிவாகச் சொன்னது. அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 2010இல் எட்டிய முடிவை, நம் நீதிமன்றம் பாலாற்றை முன்னிட்டு 14 ஆண்டுகளுக்கு முன்பே கொள்கையாக வகுத்துவிட்டது. அந்தக் கொள்கையை அன்றாட நடைமுறையாக்கும் கருவி ஆறாவது அட்டவணையின் மீன் வரி. இரண்டையும் இணைக்கத் தவறியிருக்கிறோம்.

இணைப்பதற்கு வேண்டியவை எட்டாத தொலைவில் இல்லை. பெரிய ஆலைகளுக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையில், வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் அளக்கும் சோதனை ஒன்றைச் சேர்க்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று அதிலேயே எழுத வேண்டும். தோற்றால் காரணம் தேடும் கடமையையும் அதற்கான காலக்கெடுவையும் அதே ஆணையில் விதிக்க வேண்டும். தூய நீர் வரிசையின் முடிவு உட்பட எல்லாத் தரவுகளையும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

திருப்பூரில் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்ட பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற வழி உறுதிப்பட்டது. வெளியேற்றமே இல்லாத இடத்தில் இந்தச் சோதனைக்கு வேலை குறைவு. ஆனால் எல்லாத் தொழில்களுக்கும் எல்லா ஊர்களிலும் அந்த வழி கிடையாது. ஆற்றுக்கும் கடலுக்கும் பொதுச் சாக்கடைக்கும் நீர் விட அனுமதி பெற்ற ஆலைகள் நாடெங்கும் இருக்கின்றன. அனுமதி என்பது பொதுச் சொத்தான நீரைப் பயன்படுத்த ஊர் தரும் சலுகை. அந்தச் சலுகையைப் பெறுபவர், தன் நீரில் ஒரு சிற்றுயிர் வாழ்ந்து வம்சம் வளர்க்க முடியும் என்று காலந்தோறும் மெய்ப்பிக்கட்டும். மெய்ப்பிக்க முடியாதவருக்கு அந்த அனுமதியில் உரிமை இல்லை.